முப்பத்து நான்காம் கேள்வி

மாதிரிக் கணக்கெடுப்பில் விழுந்த ஊர் ஒத்தப்புளிப்பட்டி.
உசிலம்பட்டியில் இறங்கி மினி பஸ் பிடித்து
அது போகாத தூரத்தை
மாயக்காள் மகனின் டிவிஎஸ்ஸில் கடந்தபோது
மணி பதினொன்று.
கையில் டேப்லெட், அதில் தொண்ணூற்றாறு கேள்விகள்.
பையில் முப்பது மீட்டர் நாடா.

முதலில் பண்ணைக்குட்டை.
கோப்பில் அதற்குப் படம் இருக்கிறது:
ததும்பும் தண்ணீர், சாய்ந்த ஒற்றைப் பனை,
கரையில் காது மடங்கிய ஒரு செவலை நாய்.
அதே நாயைப் போன வாரம்
பேரையூர்ப் பக்கத்துக் கோப்பில் பார்த்தேன்.
அதற்கு முந்தைய வாரம் கொட்டாம்பட்டிப் பக்கம்.
மூன்று ஒன்றியங்களிலும் ஒரே வெயிலில்
நாக்கைத் தொங்கவிட்டு நிற்கிறது.

நாடாவை விரித்தேன்.
நீளம் இருந்தது. அகலம் இருந்தது.
ஆழம் என் முழங்கால்.
"தோண்டுனோம் தாயி. பாறை வந்துருச்சு.
பாறைக்கு யாரு கூலி போடுவா?"
என்றார் பெருமாயி.
பாறைக்கு என் திரையில் கட்டம் இல்லை.
'பகுதியளவு' என்பதைத் தொட்டேன்.

பிறகு வீடு வீடாக.
சுவரில் மஞ்சள் பெயின்டில் திட்டம், ஆண்டு, தொகை.
தொகையில் ஒரு சைபர் மழையில் கரைந்திருந்தது.
இப்பத்தான் கணக்கு சரியா இருக்கு என்று
வீட்டுக்காரர் சிரித்தார்.
நான் சிரிக்கக் கூடாது. பயிற்சியில் சொன்னார்கள்:
தலையாட்டாதே, முகம் சுளிக்காதே,
காபி தந்தால் வாங்காதே.
மூன்றாம் வீட்டில் வாங்கினேன்.
சுக்கு போட்டிருந்தது.

முப்பத்து நான்கு:
தனிநபர் இல்லக் கழிப்பறை பயன்பாட்டில் உள்ளதா?
ஆம். இல்லை. பொருந்தாது.

மாயக்காள் அதன் கதவைத் தட்டினார்.
"இரு, அஞ்சு நிமிசம்" என்றது உள்ளிருந்து ஒரு குரல்.
என் விரல் 'ஆம்' பக்கம் போனது.
தாழ்ப்பாள் விலகியது.

பீங்கான் மேல் பலகை,
பலகை மேல் பத்தாம் வகுப்பு அறிவியல்.
சுவரில் சாக்பீஸால் வரைந்த
இதயத்தின் குறுக்குவெட்டு,
அம்புக்குறி போட்டு
ரத்தம் போகிற வழி, வருகிற வழி.
"பைப்புல தண்ணி வரல.
எங்க வீட்டுல உள்தாப்பா இருக்கது
இது ஒண்ணுக்குத்தான்"
என்றாள் நாகசுதா, வெளிச்சத்துக்குக் கண் சுருக்கி.

ஆம் என்றால் பொய்.
இல்லை என்றால் ஒரு குழு வரும்,
பலகையை எடுக்கச் சொல்லும்,
எடுத்த பிறகும் தண்ணீர் வராது.
பொருந்தாது என்பது
வீடே இல்லாதவர்களுக்கான பதில்.

முப்பத்தைந்து: இல்லையெனில், எங்கே செல்கிறீர்கள்?
"கருவேலங்காட்டுக்கு. விடியுமுன்ன.
இவளத் தனியா விடுறதில்ல."
அதற்குக் கட்டம் இருந்தது.

"இதெல்லாம் யாரு பார்ப்பா?" என்றார் மாயக்காள்.
சென்னையில், அப்புறம் டெல்லியில்.
"பார்த்துட்டு?"
சராசரி எடுப்பார்கள்.
"எங்க ஊர்ல எத்தன வீட்டுக்கு?" இது நாகசுதா.
பன்னிரண்டு.
"மத்த வீடு?"
அவையும் இந்தப் பன்னிரண்டு மாதிரிதான் என்று
எடுத்துக்கொள்வார்கள்.
மாயக்காள் பக்கத்து வீட்டைப் பார்த்து
வயிறு குலுங்கச் சிரித்தார்.
"அவ மாதிரியா நானு?"

பதிவேற்ற சிக்னல் இல்லை.
"தொட்டி மேல ஏறுங்கக்கா, எல்லாரும் அங்கதான்."
மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி, முப்பதாயிரம் லிட்டர்.
திறப்பு விழாவன்று லாரித் தண்ணீர் பார்த்ததோடு சரி.
ஏணியில் உட்கார்ந்திருந்த பையன்கள்
கால் மடக்கி வழிவிட்டார்கள்.
ஒருவன் துபாய் அண்ணனோடு
ஆட்டு விலை பேசிக்கொண்டிருந்தான்.
பதினேழாம் படியில் இரண்டு கோடு.
மேற்கே ஆண்டிபட்டிக் கணவாய் மங்கிக்கொண்டு வந்தது.

முப்பத்து நான்கைக் காலியாக விட்டால்
படிவம் நகராது.
'ஆம்' தொட்டு, அழித்து, 'இல்லை' தொட்டேன்.
குறிப்புக்கு நூற்றைம்பது எழுத்து இடம் உண்டு.
எழுதினேன்:
தண்ணீர் இணைப்பு இல்லை.
உள்தாழ்ப்பாள் நன்றாக வேலை செய்கிறது.

திரையில் வட்டம் சுற்றிக்கொண்டேயிருந்தது.
கீழே ஒரு நாய் குரைத்தது.
குனிந்து பார்த்தேன்.
செவலை இல்லை, கறுப்பு.